தாரிஃபாவிலிருந்து ரபாத் வரை: ஐரோப்பாவின் தெற்கு வாசலில் ஒரு பயணம்

ஜூன் 18, 2025, புதன். தாரிஃபா

ஐரோப்பாவின் பெருநிலம் தெற்கே வந்து முடியும் ஊர் தாரிஃபா. ஸ்பெயினைச் சேர்ந்தது. எதிரே ஜிப்ரால்டர் நீரிணை, அதைத் தாண்டினால் மொரோக்கோ. மிகக் குறுகலான இடத்தில் இடைவெளி 14 கிலோமீட்டர்தான். காலை வெயிலில் எதிர்க்கரை மலைகளின் மடிப்புகளும், இடையிடையே வெள்ளைப் புள்ளிகளாக வீடுகளும் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் மொரோக்கோவுக்கும் உள்ள உறவைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஒப்பந்தங்கள், தீர்ப்புகள், அறிக்கைகள். அந்த உறவு அன்றாடம் நடக்கும் இடங்களை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் இந்தப் பயணம். இங்கிருந்து கப்பலில் டாஞ்சியர், பிறகு அதன் பெரிய துறைமுகம், செயூட்டா எல்லை, லராஷ், கடைசியில் தலைநகர் ரபாத். முடிந்தவரை அன்றன்றே எழுதிப் போடுகிறேன்.

1987-இல் மொரோக்கோ மன்னர் இரண்டாம் ஹஸன், இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகத்தில் தன் நாட்டையும் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்தார். ஐரோப்பிய நாடுகள் மட்டுமே சேரலாம் என்ற விதியைக் காட்டி அதே ஆண்டு மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம், உறுப்பினராகாமல் ஒரு நாடு எவ்வளவு நெருங்கி வரலாம் என்ற பேரம்தான். 1995-இல், மத்தியதரைக் கடல் நாடுகளோடு கூட்டு சேர ஐரோப்பா நடத்திய பார்சிலோனா மாநாடு. 1996-இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த கூட்டுறவு ஒப்பந்தம். 2008-இல், சாதாரண அண்டை நாட்டைவிட நெருக்கமான இடம் தரும் 'மேம்பட்ட தகுதி'. மத்தியதரைக் கடலின் தென்கரை நாடுகளில் மொரோக்கோ அளவுக்கு ஐரோப்பாவோடு பின்னிக்கொண்ட நாடுகள் மிகக் குறைவு.

அந்தப் பின்னல் எவ்வளவு ஆழமானது என்பதற்குத் தாரிஃபாவிலேயே சாட்சி இருக்கிறது. இங்கிருந்து கடலுக்கடியில் இரண்டு மின்தடங்கள் மொரோக்கோவுக்குப் போகின்றன. ஒன்று 1997-இலும் மற்றது 2006-இலும் இயங்கத் தொடங்கியவை. பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து தெற்கே போகும் மின்சாரம், இந்த ஏப்ரல் 28 அன்று திசை மாறியது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக இருண்டுபோன அந்த மதியம், மின்கட்டமைப்பை மறுபடி உயிர்ப்பிக்க ஒரு பக்கம் பிரான்ஸும் மறுபக்கம் மொரோக்கோவும் மின்சாரம் அனுப்பின. காபிக்கடைக்காரர் இதைச் சொன்னபோது கையைக் கடல் பக்கம் நீட்டிச் சொன்னார். அவர் குரலில் இருந்த நன்றியை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

மாலையில் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். 1988 நவம்பர் 1 அன்று, தாரிஃபாவின் லோஸ் லான்ஸஸ் கடற்கரையில் ஓர் இளைஞனின் உடல் ஒதுங்கியது. இரவில் சிறு படகில் நீரிணையைக் கடக்க முயன்று மூழ்கியவர்களில் ஒருவன். ஸ்பெயின் கரையில் பதிவான இப்படிப்பட்ட முதல் சாவு அதுதான் என்கிறார்கள். 1991-இல் ஸ்பெயின் மொரோக்கோக்காரர்களுக்கு விசா கட்டாயமாக்கியது. படகுகள் பெருகின, உடல்களும் பெருகின. பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே நிற்கும்போது ஒப்பந்தங்களின் ஆண்டுகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ஜூன் 19, வியாழன். டாஞ்சியர்

ஒரு மணி நேரக் கப்பல். கிழக்குக் காற்று பலமாக அடித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். இன்று காற்று தணிந்திருந்தது. மொரோக்கோ காவல்துறையினர் கப்பலிலேயே மேசை போட்டு உட்கார்ந்து கடவுச்சீட்டில் முத்திரை குத்துகிறார்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது கோடைப் பயணம் தொடங்கும் சமயம். ஐரோப்பாவில் வாழும் மொரோக்கோக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும் பருவம். ஒவ்வொரு கோடையிலும் முப்பது லட்சம் பேர் அளவில் இந்த நீரிணையைக் கடக்கிறார்கள். இரண்டு நாடுகளும் அதற்கென்று தனி ஏற்பாடே வைத்திருக்கின்றன; மொரோக்கோவில் அதற்கு 'மர்ஹபா' என்று பெயர். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து எண் பலகைகள், கூரையில் மெத்தையும் சைக்கிளும் கட்டிய கார்கள்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன். பள்ளி ஆசிரியை. அவருடைய தாத்தா அறுபதுகளில் பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆளெடுத்தபோது போனவர். பெல்ஜியம் 1964-இல் மொரோக்கோவோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. ஜெர்மனியும் பிரான்ஸும் அதற்கு முந்தைய வருடம், நெதர்லாந்து 1969-இல். போரில் நொறுங்கிய ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த ஆள் தேவைப்பட்ட காலம். "தாத்தாவை அவர்களே ஊருக்கு வந்து, உடம்பைச் சோதித்துப் பார்த்துக் கூட்டிப்போனார்கள். போன வருடம் என் கல்யாணத்துக்கு வர அத்தை மகள்கள் இருவர் விசா கேட்டார்கள், இருவருக்கும் மறுத்துவிட்டார்கள்" என்றார். வெளிநாட்டு மொரோக்கோக்காரர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் ஆண்டுக்கு 10,000 கோடி திர்ஹத்தைத் தாண்டுகிறது. அந்தப் பணத்துக்கு எந்த வாசலிலும் தடையில்லை.

மதியம் பழைய நகரத்துச் சந்துகளில் இப்னு பதூதாவின் கல்லறை என்று சொல்லப்படும் சிறு கட்டடத்தைத் தேடிப் போனேன். டாஞ்சியரில் 1304-இல் பிறந்து, 21 வயதில் புறப்பட்டு, பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் எங்கள் மதுரைவரை வந்தவர். மதுரை சுல்தான் அவருக்கு ஒரு வகையில் உறவு; இருவரும் அக்கா தங்கையை மணந்தவர்கள். சுல்தானின் கொடுமைகளையும், ஊரில் கொள்ளை நோயில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார். அன்றைய மதுரைக்கு அது ஓர் அரிய சாட்சியம். மதுரைக்காரன் ஒருவன் இந்த வாசலில் நின்று வணங்குவதற்கு அது போதும்.

சாயங்காலம் ஊருக்கு நடுவே பீரங்கிகள் வரிசையாக நிற்கும் மேடையில் கூட்டம். பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள். எல்லோரும் ஒரே பக்கம், ஸ்பெயினைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி. டாஞ்சர் மெட் துறைமுகம்

டாஞ்சியருக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டர் அளவில், மலைக்கும் கடலுக்கும் இடையே டாஞ்சர் மெட். 2007-இல் திறந்த துறைமுகம். 2024-இல் இருபதடிக் கணக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கண்டெய்னர்களைக் கையாண்டு, மத்தியதரைக் கடலில் முதலிடத்தில் நிற்கிறது. சாலை ஏறும் மேட்டிலிருந்து பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாகப் பெட்டிகள், அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் புதுக் கார்கள்.

மெலூஸாவில் உள்ள ரெனோ தொழிற்சாலையிலிருந்து ரயிலில் நேராகத் துறைமுகத்துக்கு வரும் கார்கள் அவை. அந்தத் தொழிற்சாலை 2012 பிப்ரவரியில் திறந்தது. கூட்டுறவு ஒப்பந்தத்தின்படி தொழிற்பொருட்களுக்கு மொரோக்கோ விதித்த சுங்கவரி பன்னிரண்டு வருடம் படிப்படியாகக் குறைந்து, பூஜ்யமானதும் அதே ஆண்டில்தான். உதிரி பாகம் வரியில்லாமல் உள்ளே வரும், கார் வரியில்லாமல் வெளியே போகும். நாட்டின் ஏற்றுமதியில் பாஸ்பேட்டை வாகனத் துறை முந்தியதற்கு அந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். இருதரப்புச் சரக்கு வர்த்தகம் இப்போது ஆண்டுக்கு 5,000 கோடி யூரோவுக்கு மேல்.

வெள்ளிக்கிழமை என்பதால் எங்கு பார்த்தாலும் கூஸ்கூஸ். க்ஸார் ஸ்கீரில் சின்ன உணவகம் ஒன்றில் பக்கத்து மேசைக்காரர் தன் தட்டிலிருந்தே எனக்கு எடுத்து வைத்தார். கார்த் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை, வயது முப்பதுக்குள். அவருடைய அப்பா இதே ஊரில் மீன்பிடித்தவர். வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசினார், பேச வேண்டியதும்தான். இந்த ஒப்பந்தங்களால் ஏழை நாட்டுக்கு எந்த லாபமும் இல்லை என்று எழுதுகிறவர்கள் இவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இங்கே ஒரு தலைமுறைக்கு மாதச் சம்பளம் வந்திருக்கிறது, வீடு கட்டியிருக்கிறார்கள், தங்கைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 21, சனி. ஃபினிதெக், செயூட்டா எல்லை

இந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஆறு பேர் ஏறும் பங்கு டாக்சியில் வந்தேன். டாஞ்சியரிலேயே செய்த டாசியா லாட்ஜி வண்டி. மலை இறங்கியதும் ஃபினிதெக். ஊர் முடிகிற இடத்தில் வேலி, வேலிக்கு அப்பால் செயூட்டா. 1415-இல் போர்ச்சுகல் பிடித்து, பிறகு ஸ்பெயின் கைக்குப் போன நகரம். மெலில்லாவையும் சேர்த்து, ஆப்பிரிக்க நிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இருக்கும் எல்லைகள் இவை இரண்டுதான். மொரோக்கோ இரண்டையும் தன்னுடையது என்கிறது.

செயூட்டா ஒன்றியத்தில் இருந்தாலும் அதன் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கிறது. சரக்கு வண்டிகள் கடக்கச் சுங்கச் சாவடியும் இருந்ததில்லை. பல வருட இழுபறிக்குப் பிறகு இந்த ஆண்டுதான் முதல் லாரிகள் போய்வந்தன. அதற்கு முன் ஒரு வழி இருந்தது. ஆள் தன் உடம்பில் சுமந்து வருவது சரக்கு அல்ல, கைச்சாமான், அதற்கு வரியில்லை. அதனால் பெண்கள் சுமந்தார்கள். துணி, டயர், சோப்பு, போர்வை என்று எண்பது கிலோ வரையிலான மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு குறுகலான கூண்டு வழியாக வந்தார்கள். நெரிசலில் சிலர் மிதிபட்டுச் செத்தார்கள். பெரும்பாலும் கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், குடும்பத்தில் ஒரே சம்பாத்தியம் அவர்களுடையது.

2019 இறுதியில் மொரோக்கோ அந்தச் சுமை வியாபாரத்தை நிறுத்தியது. நிறுத்த வேண்டிய கொடுமைதான். ஆனால் மாற்று வேலை எதுவும் தயாராக இல்லை. சில மாதங்களில் கொரோனா வந்து எல்லையே மூடியது. 2022 மே மாதம் மறுபடி திறந்தபோது, எல்லையை ஒட்டிய தெதுவான் பகுதி மக்கள் விசா இல்லாமல் பகலில் போய்வரலாம் என்றிருந்த பழைய சலுகை திரும்பவில்லை.

சந்தையில் பிஸாரா விற்கும் ஓர் அம்மாவோடு பேசினேன். காய்ந்த மொச்சையை வேகவைத்துக் கடைந்து, ஆலிவ் எண்ணெயும் சீரகமும் போட்டுத் தரும் சூப் அது. பதினைந்து வருடம் மூட்டை சுமந்தவர். முதுகு நிமிராது என்று சொல்லி எழுந்து நின்று காட்டினார். "அப்போது உடம்பு போனது, இப்போது ஊர் போகிறது" என்றார். அவருடைய இளைய மகன் 2021 மே மாதம் நீந்திப் போனவன். பதினாறு வயது.

அந்த மே மாதத்தை விளக்க வேண்டும். மேற்கு சகாரா முன்பு ஸ்பெயினின் காலனி. 1975-க்குப் பிறகு அதன் பெரும்பகுதி மொரோக்கோ வசம். அதன் விடுதலைக்காகப் போராடும் பொலிசாரியோ இயக்கத்தின் தலைவர் பிராஹிம் காலி கொரோனா சிகிச்சைக்கு ஸ்பெயின் வந்தார். மொரோக்கோவுக்குக் கடும் கோபம். மே 17, 18 தேதிகளில் இந்தப் பக்கக் காவல் திடீரெனத் தளர்ந்தது. சுமார் எட்டாயிரம் பேர், அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள், எல்லையில் கடலுக்குள் நீளும் தாராஹால் தடுப்புச் சுவரைச் சுற்றி நீந்தியும் நடந்தும் செயூட்டாவுக்குள் போனார்கள். அடுத்த மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றம் கண்டனத் தீர்மானம் போட்டது. பத்து மாதத்தில், மேற்கு சகாராவுக்கு மொரோக்கோ முன்வைக்கும் சுயாட்சித் திட்டத்தை ஸ்பெயின் ஆதரித்தது.

கதவைக் காக்கும் வேலையை ஒன்றியம் மொரோக்கோவிடம் கொடுத்திருக்கிறது, அதற்குக் காசும் கொடுக்கிறது. காவலுக்கு நிறுத்தப்பட்டவன் தன் பலத்தைப் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆகாது. பிள்ளைகளைக் கடலில் இறங்கவிட்டது பெரும் தவறு. தங்கள் எல்லையின் அசிங்கத்தை வெளியாள் பார்த்துக்கொள்ளட்டும் என்று பணம் கட்டிவிட்டு, பிறகு மனித உரிமை பேசுவதும் அதே அளவு தவறு. இதே தாராஹால் கரையில் 2014 பிப்ரவரி 6 அன்று நீந்திவந்தவர்களை நோக்கி ஸ்பெயின் காவலர்கள் ரப்பர் குண்டு சுட்டார்கள். குறைந்தது 14 ஆப்பிரிக்க இளைஞர்கள் மூழ்கிச் செத்தார்கள்.

அந்த அம்மாவின் மகனை இரண்டு நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன செப்டம்பர் 15-ஆம் தேதி சமூக ஊடகத்தில் பரவிய அழைப்பைப் பார்த்து ஆயிரக்கணக்கான பையன்கள் எல்லையை நோக்கிக் கிளம்பியபோது அவனும் போனானாம். காவல்துறை பேருந்தில் ஏற்றித் தூரத்து ஊர் ஒன்றில் இறக்கிவிட்டது. "மறுபடி போவான்" என்று சொல்லிவிட்டு என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். காசு வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு. லராஷ்

அட்லாண்டிக் கரைக்கு வந்தாயிற்று. லூக்கோஸ் ஆறு கடலில் சேரும் ஊர். சுற்றிலும் ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி வயல்கள், எல்லாம் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே. பெரும்பகுதி ஐரோப்பாவுக்குப் போகிறது. தக்காளியை மட்டும் அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள். வருடத்துக்கு 2,85,000 டன்வரைதான் சலுகை வரி, அதுவும் ஒரு குறைந்தபட்ச விலைக்குக் கீழே போகாமல் வர வேண்டும். ஸ்பெயின், பிரான்ஸ் விவசாயிகளின் கூச்சலுக்கு அஞ்சி வைத்த ஏற்பாடு. ஸ்பெயினின் அல்மெரியா விவசாயியின் கவலையும் உண்மைதான், அவனுக்கும் கடன் இருக்கிறது.

பழம் வடக்கே போவதுபோல் பழம் பறிக்கும் பெண்களும் போகிறார்கள். ஸ்பெயினின் உவெல்வா வயல்களுக்கு ஒவ்வொரு பருவத்திலும் ஆயிரக்கணக்கான மொரோக்கோப் பெண்கள் ஒப்பந்தத்தில் போய், பருவம் முடிந்ததும் திரும்புகிறார்கள். தொடக்க காலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஒன்றியமே நிதி தந்தது, முன்மாதிரி என்று பாராட்டியது. ஆளெடுக்கும்போது சிறு பிள்ளைகள் உள்ள கிராமத்துத் தாய்மார்களையே தேடினார்கள். பிள்ளை இங்கே இருந்தால் தாய் அங்கே தங்கமாட்டாள் என்ற கணக்கு. அந்தக் கணக்கை யோசித்தவர்களின் மனதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நேற்றுத்தான் திரும்பியிருந்த ஒரு பெண், அங்கே ஒரு நாள் கூலி இங்கே பல நாள் கூலிக்குச் சமம் என்றும், அடுத்த வருடமும் போவேன் என்றும் சொன்னார். மூன்று வயது மகள் அவர் சேலைத் தலைப்பு போன்ற மேல்துணியைப் பிடித்தபடி விடாமல் நின்றாள்.

மீன் துறைமுகத்தில் மத்தி இறங்கிக்கொண்டிருந்தது. ஐரோப்பியக் கப்பல் ஒன்றும் இல்லை. கடைசி மீன்பிடி ஒப்பந்தம் 128 ஐரோப்பியக் கப்பல்களுக்கு அனுமதி தந்தது, பெரும்பாலும் ஸ்பெயினுடையவை. 2023 ஜூலையில் அது காலாவதியானது. புதுப்பிக்க முடியாததற்குக் காரணம் நீதிமன்றம். மீனில் பெரும்பகுதி மேற்கு சகாராக் கடலில் பிடிபட்டது. 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், மேற்கு சகாரா மக்களின் சம்மதம் பெறாமல் மீன்பிடி, வேளாண் ஒப்பந்தங்களை அந்த நிலத்துக்கு விரித்தது செல்லாது என்று இறுதியாகத் தீர்ப்பளித்தது. வேளாண் ஒப்பந்தத்துக்கு மட்டும் ஒரு வருட அவகாசம். அங்கே விளையும் தக்காளிக்கும் முலாம்பழத்துக்கும் மொரோக்கோ என்று முத்திரை போடக்கூடாது என்றும் சொன்னது.

ஒன்றியத்தின் அரசுகள் மொரோக்கோவை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை, அதன் நீதிபதிகள் சட்டத்தை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. நான் நீதிபதிகள் பக்கம்.

ஜூன் 23, திங்கள். ரயிலில்

டாஞ்சியர் திரும்பி அல் போராக் பிடித்தேன். 2018-இல் ஓடத் தொடங்கிய, ஆப்பிரிக்காவின் முதல் அதிவேக ரயில். பிரெஞ்சுப் பெட்டிகள், மணிக்கு 320 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்குள் ரபாத்.

ஜூன் 24, செவ்வாய். ரபாத்

மூன்று வருடங்களுக்கு முன் இதே நாளில் மெலில்லா எல்லையைத் தாண்ட முயன்றவர்களில் குறைந்தது 23 பேர் செத்தார்கள். பெரும்பாலும் சூடான்காரர்கள், போரிலிருந்து தப்பி வந்தவர்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. இரண்டு அரசுகளும் முழு விசாரணை நடத்தவில்லை.

காலையில் ஹஸன் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகமும் புதுக் கட்டடங்களும் இருக்கும் ஹை ரியாத் பக்கம் போனேன். 2002-இல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ரொமானோ ப்ரோடி, அண்டை நாடுகளோடு ஒன்றியத்தின் ஆட்சி அமைப்புகள் தவிர மற்ற எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளலாம் என்றார். இத்தனை நாள் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: மின்சாரம், கார், பழம், மீன், பணம் எல்லாம் பகிரப்படுகின்றன. நடமாடும் உரிமை மட்டும் ஒரு பக்கத்துக்கே இருக்கிறது. ஐரோப்பியர் இங்கே விசா இல்லாமல் வருகிறார். இங்கிருப்பவர் 90 யூரோ கட்டி, மறுத்தால் அதையும் இழக்கிறார்.

விசா என்பது ஆயுதமாகவும் ஆகியிருக்கிறது. சட்டவிரோதமாகத் தங்கியவர்களை மொரோக்கோ திரும்ப ஏற்கவில்லை என்று சொல்லி, 2021-இல் பிரான்ஸ் மொரோக்கோக்காரர்களுக்கான விசாக்களைப் பாதியாகக் குறைத்தது. மருத்துவர்கள், மாணவர்கள், பேரக்குழந்தையைப் பார்க்கப் புறப்பட்ட பாட்டிகள் எல்லோரும் அடிபட்டார்கள். 2022 டிசம்பரில்தான் சரியானது. அதே 2022-இல் மன்னர் ஆறாம் முகம்மது, மேற்கு சகாரா என்ற கண்ணாடி வழியாகத்தான் மொரோக்கோ உலகைப் பார்க்கும் என்று அறிவித்தார். ஸ்பெயினுக்குப் பிறகு பிரான்ஸும் 2024 ஜூலையில் மொரோக்கோ பக்கம் சாய்ந்தது.

அக்தால் பகுதிக் காபிக்கடையில் ஒரு மாணவி, பிரான்ஸில் முதுகலை இடம் கிடைத்த கடிதத்தை உறையோடு வைத்துக்கொண்டு நேர்காணல் தேதிக்காகக் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். இடைத்தரகர்கள் தேதிகளை மொத்தமாக வளைத்துப்போட்டு விற்கிறார்களாம். அவருடைய தோழிக்குக் கிடைத்துவிட்டது, இவருக்கு இன்னும் இல்லை. வகுப்பு செப்டம்பரில் தொடங்குகிறது. "எங்கள் தொழிற்சாலைகளும் வயல்களும் அவர்களுக்கு அண்டை வீடு. நாங்கள் மட்டும் தூரத்து ஊர்க்காரர்கள்" என்றார். இந்தியக் கடவுச்சீட்டோடு விசா வரிசைகளில் நின்றவன் என்பதால், அந்தக் கோபம் எனக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது.

நாளை கஸபிளாங்கா, அங்கிருந்து விமானம். நீதிமன்றம் கொடுத்த அவகாசம் வரும் அக்டோபரில் முடிகிறது. அதற்குள் இரு தரப்பும் புதிதாக ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும். அப்படி எழுதும்போது, ஐம்பது வருடமாக அல்ஜீரியாவின் திண்டூஃப் முகாம்களில் காத்திருக்கும் மேற்கு சகாரா மக்களான சஹராவிகளிடம் யாராவது சம்மதம் கேட்கிறார்களா என்பதை ஊரிலிருந்தபடி கவனித்து இங்கேயே எழுதுகிறேன்.